பதிவேட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள்

சமூகத் திட்டங்களால் உண்மையில் என்ன மாறியது என்று மதிப்பிடுவது என் வேலை. ஐரோப்பாவில் காலங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் சிறுபான்மை இனத்தவர் ரோமா மக்கள். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் அவர்களுடைய குடியிருப்பு ஒன்றை ஒட்டிய பள்ளிக்கு அப்படித்தான் போனேன். திட்டப் பொறுப்பாளர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. சரி, வகுப்பையும் பார்த்துவிடுவோம் என்று எட்டிப் பார்த்தால், இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ரோமா. மற்றவர்களை அவர்களுடைய பெற்றோர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். திட்டத்தின் பெயரோ 'ஒருங்கிணைப்பு'.

இது அந்த ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2016லும் 2021லும் நடத்திய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லோருமோ பெரும்பாலோரோ ரோமாவாக இருக்கும் இடத்தில் படிக்கும் ரோமா பிள்ளைகள் 44 சதவீதத்திலிருந்து 52 ஆகியிருக்கிறார்கள். ரோமா மக்களில் வறுமை அபாயத்தில் வாழ்பவர்கள் அப்போதும் 80 சதவீதம், அப்புறமும் 80. வருகைப் பதிவேடு இதையெல்லாம் சொல்லாது.

எதை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செக் நாட்டின் ஒஸ்ட்ராவா நகரத்தில், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகள் குவிந்திருந்தார்கள். பள்ளிகளிடமே கேட்டு எண்ணிக்கையைத் திரட்டியபோது, ஒரு ரோமா பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 27 மடங்கு என்று தெரிந்தது. 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில், 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றது. அங்கே எண்ணப்பட்டது ரோமா பிள்ளைகளின் 'முன்னேற்றம்' அல்ல, பள்ளி அமைப்பின் நடத்தை.

ஆனால் எண்ணுவதே எளிதல்ல. ருமேனியாவின் 2011 கணக்கெடுப்பில் தங்களை ரோமா என்று சொன்னவர்கள் சுமார் 6.2 லட்சம், ஐரோப்பிய கவுன்சிலின் மதிப்பீடு 18.5 லட்சம். ஏன் மறைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் வரலாறு தெரியாதவர்கள். 1899லேயே மியூனிக் காவல்துறை இவர்களுக்கென்று தனிப் பதிவகம் வைத்தது. நாஜிகள் காலத்தில் இப்படிப்பட்ட பட்டியல்கள் கொலை முகாம்களுக்கு வழிகாட்டின. பழைய கதை என்று விட முடியுமா? 2013லும் ஸ்வீடனில், குழந்தைகள் உட்பட 4,000க்கும் மேற்பட்ட ரோமா பெயர்கள் கொண்ட காவல்துறைப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. அப்படிப்பட்டவர்களின் வாசலில் நான் படிவத்தோடு நின்றால் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

அதனால் இப்போதெல்லாம் பெயர் எழுதுவதில்லை. கேள்வி கேட்கப் போகிறவர்களில் ரோமா இளைஞர்கள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுகிறேன். திட்டம் தொடங்குமுன் ஒரு கணக்கு, முடிந்து இரண்டு வருடம் கழித்து ஒரு கணக்கு. இரண்டாவதற்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

அந்த ஊரில் ஒரு பாட்டி, பேரனை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார்: "எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டீர்கள். இவர்களைப் பார்த்து விலகிப் போன பிள்ளைகளை எண்ணினீர்களா?" எண்ணவில்லை. அடுத்த நாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனேன்.