றேடியோகிராம்: தளபாடமா, தந்தியா, வானெழுத்தா?

"றேடியோகிராம்" என்ற சொல்லைச் சொன்னதும் பெரியப்பா இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார். "இவ்வளவு நீளம் இருக்கும். நாலு கால். மூடியைத் திறந்தா உள்ளுக்கு இசைத்தட்டுச் சுத்தும். முன்பக்கம் றேடியோ. எங்கட வீட்டு விறாந்தையில நிண்டதெல்லோ!"

நான் கேட்டது அந்தத் தளபாடத்தை அல்ல. சிற்றலை வானொலியில் குரலுக்குப் பதிலாக எழுத்தையும் படத்தையும் அனுப்புகிறார்கள். அந்த ஒலிபரப்புக்கு வைத்த பெயர்தான் றேடியோகிராம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்கப் போய், சொல்லின் பழைய பொருள் ஒன்று முதலில் வந்து நின்றது. பெரியப்பா சொன்னதும் பிழையில்லை. இந்த ஒரு சொல்லுக்கு இதுவரை நாலு பொருளாவது இருந்திருக்கிறது.

முதற்பொருள் தந்தி. கம்பி வழியாகப் போனால் ரெலிகிராம், கம்பியில்லாமல் அலை வழியாகப் போனால் றேடியோகிராம். கடலில் போகும் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையில் இந்தச் செய்திகள்தான் ஓடின. 1912இல் டைட்டானிக் கப்பலின் பயணிகள் அனுப்பியவற்றை மார்க்கோனிகிராம் என்றார்கள். மார்க்கோனி கம்பனிக்காரர் அனுப்பியதால் வந்த பெயர். கம்பனியின் பெயர் உதிர்ந்துபோக, றேடியோகிராம் நின்றுவிட்டது. இரண்டாவது பொருள் எக்ஸ் கதிர்ப் படம். மூன்றாவது பெரியப்பாவின் தளபாடம்: றேடியோவையும் கிராமபோனையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டியது. நாலாவதுதான் நம்முடைய விடயம்.

இடையில் எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று. தமிழ்நாட்டு வாசகர்கள் "றேடியோ" என்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் 'ஆர்' (r) ஒலிக்கு றகரமும், 'டி' (t) ஒலிக்கு ரகரமும், நடுவில் வரும் 't'க்கு றகர இரட்டையும் எழுதுவது வழக்கம். அதனால்தான் அது றேடியோ, இது ரெலிகிராம். பற்றரி, மீற்றர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அப்படியே எழுதுகிறேன்.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முன்பாதி இலத்தீன், பின்பாதி கிரேக்கம். முன்பாதியின் வேர் 'ரேடியஸ்'. வண்டிச் சில்லின் நடுவிலிருந்து வட்டைக்கு ஓடும் கால்தான் அதன் பழைய பொருள். பிறகு கதிர் என்ற பொருளும் சேர்ந்தது. கணிதப் பாடத்தில் வட்டத்தின் ரேடியஸை நாங்கள் "ஆரை" என்று படித்தோம். தமிழ்நாட்டில் ஆரம் என்கிறார்கள். ஆர், ஆரை, ஆரைக்கால் எல்லாமே சில்லுக்கால்தான். வட்டத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் வண்டிச் சில்லைக் கைவிடவில்லை.

பின்பாதி 'கிரம்மா'. எழுதப்பட்டது, எழுத்து என்று அதற்குப் பொருள். அது 'கிராபெயின்' என்ற வினையிலிருந்து வருகிறது. அந்த வினைக்கு எழுதுதல், வரைதல் என்ற இரண்டு பொருளும் உண்டு. அவற்றுக்கும் முந்திய பொருள் கீறுதல். கல்லிலோ மெழுகு பூசிய பலகையிலோ கூரான ஒன்றால் கீறினால் எழுத்தும் வரும், படமும் வரும்.

இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்துத் தமிழ் எனக்குக் கைகொடுத்தது. நாங்கள் படம் "வரை" என்று சொல்லி வளரவில்லை. "படம் கீறு" என்றுதான் சொல்வோம். வகுப்பில் "ஒரு பூ கீறுங்கோ" என்றால் பிள்ளைகள் பென்சிலை எடுப்பார்கள். யாரும் பூவைக் கிழிக்கப் போவதில்லை. எழுத்தாணியால் பனையோலையில் எழுதியதும் கீறல்தானே. கிரேக்கன் எந்த வினையிலிருந்து தன் சொல்லை எடுத்தானோ, அதே வினையை எங்கள் பிள்ளைகள் சித்திரப் பாடத்தில் இன்றைக்கும் பாவிக்கிறார்கள். இரண்டுக்கும் உறவு என்று சொல்ல வரவில்லை. வேலை ஒன்றாக இருந்ததால் சொல்லும் ஒரே வழியில் போயிருக்கிறது.

'ரெலிகிராம்' என்ற சொல் பிறந்தபோது ஒரு சண்டையும் நடந்தது. 1852இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்துப் பத்திரிகையில் அந்தச் சொல்லை ஒருவர் முன்வைத்தார். கிரேக்கம் படித்தவர்கள் குதித்தார்கள்: கிரேக்க இலக்கணப்படி அது பிழை, 'ரெலிகிராபீம்' என்றுதான் வரவேண்டும் என்று. சனம் கேட்கவில்லை. சொல்லாக்கம் செய்கிற எல்லோரும் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது, நான் உட்பட.

தமிழில் அதற்குத் "தந்தி" கிடைத்தது. தந்தி என்றால் நரம்பு, வீணையின் கம்பி. வடமொழித் 'தந்த்ரீ'யிலிருந்து வந்தது. கம்பியைச் சொன்ன சொல், கம்பி வழியே வந்த செய்திக்கும் ஆகிவிட்டது. அப்புறம் கம்பியே இல்லாமல் செய்தி வந்தபோது "கம்பியில்லாத் தந்தி" என்றார்கள். அதாவது கம்பியில்லாக் கம்பி! அதையும் சனம் சிரிக்காமல் ஏற்றுக்கொண்டது. ஊரில் தந்தி வந்தால் பிரிக்கமுன்னமே அழத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், சொல்லின் பொருத்தத்தை ஆராய ஒருவருக்கும் நேரம் இருந்திராது.

இனி நாலாவது பொருள். 2013 மார்ச்சில் அமெரிக்க அரசின் வானொலியான வொய்ஸ் ஒவ் அமெரிக்கா 'றேடியோகிராம்' என்ற பெயரில் ஒரு சிற்றலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதைச் செய்தவர் கிம் அன்ட்ரூ எலியட். வட கரோலைனாவின் கிறீன்வில் நிலையத்திலிருந்து அது ஒலிபரப்பானது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா தன் தந்திச் சேவையை மூடியது. ஒரு 'கிராம்' அடங்கிய ஆண்டிலேயே இன்னொரு 'கிராம்' எழுந்திருக்கிறது. 2017 ஜூனில் அந்த நிகழ்ச்சி முடிய, எலியட் அதையே 'ஷோட்வேவ் றேடியோகிராம்' என்று தனியார் சிற்றலை நிலையங்கள் வழியாகத் தொடர்ந்தார்.

றேடியோவைத் திறந்தால் கேட்பது ஒரு நடுங்குகிற சீழ்க்கை. பேச்சில்லை, பாட்டில்லை. ஆனால் அந்தச் சீழ்க்கைக்குள் 16 சுரங்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். எந்தச் சுரம் என்பதே செய்தி. பதினாறில் ஒன்றைத் தெரிவது நான்கு பிற்றுக்குச் சமம் (பிற்று என்பது கணினியின் 0 அல்லது 1). அதிகம் பாவிக்கும் முறையின் பெயர் எம்எப்எஸ்கே32. அதில் ஒரு செக்கனுக்கு 31.25 சுரங்கள் மாறும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 120 சொற்கள் வரும், ஒருவர் ஆறுதலாக வாசிக்கும் வேகம். கேட்பவருக்குத் தனிக் கருவி தேவையில்லை. றேடியோவின் ஒலியைக் கணினிக்குக் கொடுத்தால் 'எப்எல்டிஜி' என்ற இலவச மென்பொருள் அதை எழுத்தாக்கிவிடும். கைத்தொலைபேசியை றேடியோவின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தே வாசிக்கிற செயலிகளும் உண்டு. அனுப்புகிறவருக்கும் அப்படித்தான், பேச்சுக்கு என்று கட்டிய அதே பழைய ஒலிபரப்பிதான்.

சிற்றலையின் குணம் தெரிந்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும். சிற்றலை என்பது சிறுமை, அலை இரண்டும் சேர்ந்தது. நன்னூல் சொல்லும் பண்புப் பெயர்ப் புணர்ச்சியில் மை போய், தன்னொற்று இரட்டி வந்த சொல். சிற்றூர், சிற்றுண்டி மாதிரி. பெயர்தான் சிறியது. 31 மீற்றர் அலை எங்கள் வளவின் முன் வேலியிலிருந்து கிணற்றடிக்கும் அப்பால் போகும். நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமான மத்திய அலையோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சிறிது என்றார்கள். அந்த அலை வானத்தின் உயரத்தில் இருக்கிற அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வருவதால் கடல் கடக்கிறது. அந்த மண்டலம் நிலையாக நிற்பதில்லை என்பதால் ஒலி தேய்ந்தும் ஏறியும் வரும். ஊரில் அதற்கு "போய்ப் போய் வருது" என்பார்கள்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். பிபிசி தமிழோசைக்கும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸுக்கும் அப்படித்தான் காது கொடுத்தோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். செத்தவர் எண்ணிக்கை சொல்லும் இடத்தில் ஒலி தேய்ந்துவிட்டால், பத்தா இருபதா என்று விடியும்வரை வாய்ச்சண்டை. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது.

எழுத்தாக வந்திருந்தால் அந்தச் சண்டைக்கு இடமிருந்திராது. குரல் இரைச்சலில் மூழ்குகிற நிலையிலும் இந்தச் சுரங்களைக் கணினி பிரித்தெடுக்கும். ஒவ்வொரு எழுத்தோடும் பிழை திருத்துவதற்கான கூடுதல் தகவலும் போவதால், நடுவில் சில சுரங்கள் தொலைந்தாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தாளில் இருப்பதுபோல் திரையில் இருக்கும், திரும்ப வாசிக்கலாம். படம் அவ்வளவு கெட்டியில்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் சுரத்தின் ஏற்ற இறக்கமாகவே போகிறது, பிழை திருத்தம் கிடையாது. அதனால் அலை தேய்ந்த இடமெல்லாம் படத்தில் உப்புத் தூவியதுபோல் இருக்கும். மேலிருந்து கீழே வரிவரியாக அது விரிவதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. படம் அனுப்புவது புதுவேலையும் இல்லை; 1924இலேயே அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் படத்தை நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்கு அலையில் அனுப்பி, 'போட்டோ றேடியோகிராம்' என்றார்கள்.

இதற்கு என்ன தமிழ்? எனக்கு முதலில் தோன்றியது "வானோலை". வானொலிக்கு அடுத்த வீடு மாதிரி. பனையூரில் இருந்துகொண்டு ஓலையை விட மனம் வருமா? ஓலை என்றால் கடிதம் என்ற பொருளும் ஏற்கனவே இருக்கிறது. ஆசையோடு எழுதி மருமகளிடம் காட்டினேன். "வானொலி எண்டதைப் பிழையா எழுதியிருக்கிறியள் மாமா" என்றாள். முடிந்தது. "அலைமடல்" மோசமில்லை, ஆனால் மடல் ஒருவருக்குப் போவது, இது ஊருலகத்துக்கே போவது. "வான்கீறல்" என்று யாழ்ப்பாணத்தானாக ஒன்று செய்து பார்த்தேன். மின்னல் மாதிரி இருக்கிறது.

கடைசியில் "வானெழுத்து" என்பதில் வந்து நின்றேன். வான், எழுத்து இரண்டும் இயல்பாக ஒட்டுகின்றன. வானொலி என்ற பழகிய சொல்லின் சாயலும் இருக்கிறது: ஒலி வந்தால் வானொலி, எழுத்து வந்தால் வானெழுத்து. படம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. பழந்தமிழில் எழுதுதல் என்பது ஓவியம் தீட்டுவதும்தான். திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்த மண்டபத்தைப் பரிபாடல் "எழுத்துநிலை மண்டபம்" என்கிறது. ரதியும் மன்மதனும், இந்திரனும் அகலிகையும் அங்கே எழுத்தாக இருந்தார்கள். கிரேக்கனின் 'கிரம்மா' போலவே நம் எழுத்தும் வரியையும் படத்தையும் ஒன்றாகச் சுமந்த சொல். இக்காலத்தில் ஒரு கையை மடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விமானம் புகையால் வானத்தில் எழுதுவதையும் இந்தச் சொல் குறிக்காதா என்று ஒருவர் கேட்டார். குறிக்கலாம். பலாலி விமான நிலையத்துக்கு மேலே அப்படி யாராவது எழுதும் நாளில் அதற்கு "புகையெழுத்து" என்று கொடுத்துவிடுவோம். தளபாடம் மட்டும் றேடியோகிராமாகவே இருக்கட்டும். அதைப் பெயர் மாற்றினால் பெரியப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

தமிழை அனுப்பினால் வருமா என்றால், வரும். விலை கொஞ்சம் கூட. எழுத்துகளைக் கணினிக்கு எண்ணாக்கும் யூனிகோட் யூடிஎப்8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்று (எட்டுப் பிற்று ஒரு பைற்று). வானெழுத்து என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி, அலைக்கு முப்பது பைற்று. ஆங்கிலத்தில் 'றேடியோகிராம்' ஒன்பதே பைற்று. அதிலும் இந்த முறை அடிக்கடி வரும் ஆங்கில எழுத்துகளுக்குக் குறுகிய குறியீட்டையும் மற்றவற்றுக்கு நீண்டதையும் கொடுத்திருக்கிறது. ஆகவே தமிழ் மூன்று மடங்குக்கும் மேல் மெதுவாகத்தான் ஊர்ந்து வரும்.

போன கிழமை பெரியப்பாவைப் பக்கத்தில் இருத்திக் காட்டினேன். நேரடியாகப் பிடித்தபோது இங்கே எலும்புபோல் சில எழுத்துகள்தான் விழுந்தன. பிறகு நெதர்லாந்தின் ருவென்ரே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிற வானொலி வாங்கி வழியாகக் கேட்டோம். வரிகள் ஒழுங்காக ஓடின. ஒரு படமும் பாதிவரை இறங்கியது. அவருக்குக் கண் மங்கல். கண்ணாடியைத் தேடாமலே, சீழ்க்கையை மட்டும் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிடிபடுதோ?" என்றார்.

அலையைக் கேட்டாரா, சொல்லைக் கேட்டாரா தெரியவில்லை. ஓம் என்றேன்.