மூத்த பிள்ளையை வைத்து இளைய பிள்ளையை அளக்கலாமா?

நாகர்கோவிலில் குழந்தை நல மருத்துவராக இருக்கும் எனக்கு, தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களிடமிருந்து அடிக்கடி வருகிற வாக்கியங்கள் இரண்டு. “மூத்தது இந்த மாசத்துல நடந்துட்டு டாக்டரே, இது இன்னும் பிடிச்சுதான் நிக்குது” என்பது முதலாவது. “மூத்தவனும் பிந்தித்தான் நடந்தான், அதனால நாங்க பயப்படல்ல” என்பது இரண்டாவது. ஒன்றில் பயமும் மற்றொன்றில் ஆறுதலும் இருந்தாலும், இரண்டிலும் இளைய பிள்ளையை அளக்கும் கோல் மூத்த பிள்ளைதான். ஏழு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் தாயான நானும் அதே கோலைக் கையில் எடுத்துத் தவறியிருக்கிறேன் என்பதால், இதை மருத்துவராக மட்டும் எழுத என்னால் இயலவில்லை.

முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உட்காருதல், தவழுதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றுக்கான கால எல்லைகளை 2006-இல் வெளியிட்டது. துணையின்றி நடப்பதற்கான எல்லை 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதம் வரை நீள்கிறது. பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 மாதம் வரை ஆகலாம். ஏறத்தாழ 4 சதவீதக் குழந்தைகள் கைகளையும் முட்டிகளையும் ஊன்றித் தவழவே இல்லை, அவர்களும் நடந்தார்கள். என் மகள் பத்தாம் மாதத்தில் நடந்தாள். மகன் பதினைந்தாம் மாதம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றினான். அவன் கை நீட்டிய பொருளையெல்லாம் அக்காள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தபோது, அவனுக்கு எழுந்து நடக்க வேண்டிய அவசரம் என்ன இருந்திருக்கும்? ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தரையில் வளர்ந்த இருவருக்கிடையே ஐந்து மாத வேறுபாடு. இருவருமே இயல்பான எல்லைக்குள்தான் இருந்தார்கள். இந்த ஐந்து மாதத்தை ஈடுகட்டும் எண்ணத்தில் சிலர் சக்கரம் வைத்த நடைவண்டியில் பிள்ளையை உட்கார்த்துகிறார்கள். அது நடையை முந்தித் தருவதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடவும், அடுப்புக்கும் சுடுநீருக்கும் அருகே பிள்ளை விரைந்து சென்றுவிடவும் வழி செய்கிறது. கனடா அதன் விற்பனையை 2004-இலேயே தடை செய்துவிட்டது.

மாதக் கணக்கு வைத்துப் பிள்ளையைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கணம் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரையையும் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணியையும் வைத்தது. கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தலையை நிமிர்த்திப் பிள்ளை ஆடுவது செங்கீரை. கழுத்தும் தோளும் முதுகும் உறுதிப்பட்டால்தான் அது நடக்கும் என்பதை ஒவ்வொரு முறை குழந்தையைக் குப்புறக் கிடத்திப் பரிசோதிக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன். சப்பாணி என்பது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. நமக்குப் பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1991-இல் வெளியான வளர்ச்சிப் பரிசோதனை அட்டையிலும் கைகொட்டுதல் ஓர் அம்சமாக இருக்கிறது. பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்குமான அந்த அட்டையில் மொத்தம் 17 அம்சங்களே உண்டு. பிள்ளையின் வயதில் மேலிருந்து கீழாக ஒரு பென்சிலை வைத்தால், அதற்கு இடப்புறம் முடிந்துபோன கோடுகளில் உள்ள எல்லாவற்றையும் பிள்ளை செய்ய வேண்டும். ஒன்று விடுபட்டாலும் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது பொருள். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த அட்டைதான் இருக்கிறது. பென்சிலை நகர்த்தும்போது அக்காளோ அண்ணனோ என்ன செய்தார்கள் என்று அது கேட்பதில்லை.

வயதைக் கணக்கிடுவதிலேயே சில வீடுகளில் பிழை நேர்கிறது. குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், ஏழு மாதமாகியும் இரண்டாவது மகள் உட்காரவில்லை, மூத்தவள் ஆறிலேயே உட்கார்ந்தாள் என்று கலங்கினார். இரண்டாவது பிள்ளை 32 வாரத்தில் பிறந்தது. நிறைமாதத்துக்கு எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு வயது வரை அந்த எட்டு வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். கழித்துப் பார்த்தால் அவளுக்கு ஐந்து மாதமே ஆகியிருந்தது. தடுப்பூசிகளை மட்டும் பிறந்த தேதியை வைத்தே போட வேண்டும். அதில் கழித்தல் கிடையாது.

இனி ஆறுதலுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் பயத்தைவிட ஆறுதலே அதிகக் கேடு செய்திருக்கிறது. மலையோரத்து ரப்பர் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் இளைய மகனைச் சளிக்காகக் கொண்டுவந்தது. (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைச் சற்று மாற்றியே சொல்கிறேன்.) பிள்ளைக்குப் பத்தொன்பது மாதம், இன்னும் நடக்கவில்லை. நான் அதைக் கேட்டபோது பாட்டி சிரித்துக்கொண்டே, “அவனுக்க அண்ணனும் இப்பிடித்தான் டாக்டரே, ஒண்ணரை வயசு தாண்டித்தான் நடந்தான்” என்றார். அந்த அண்ணன், ஐந்து வயதுப் பையன், அறையின் தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். தாய் அழைத்ததும் எழுந்தான். முதலில் இரு கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தினான். பிறகு கைகளை முழங்காலிலும் அங்கிருந்து தொடையிலும் வைத்து, தன் உடம்பின் மீதே ஏறுவதுபோல நிமிர்ந்தான். அவனது கெண்டைக்கால்கள் வயதுக்கு மீறித் திரண்டிருந்தன. இருவருக்கும் தசை நொதியைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். இருவருக்கும் அது பல மடங்கு உயர்ந்திருந்தது. டுஷேன் என்னும் மரபுவழித் தசைச் சிதைவு நோய் அது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்கும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு குடும்பங்களில் தாயின் வழியாக வருகிறது, தாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே. முழுதும் குணமாக்கும் மருந்து இல்லை என்றாலும், உரிய மருந்தும் உடற்பயிற்சியும் பிள்ளை நடக்கும் காலத்தை நீட்டித்துத் தரும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறும் வாய்ப்பும் கிடைக்கும். அண்ணனும் பிந்தி நடந்தான் என்ற செய்தி அந்த வீட்டில் ஆறுதலாகச் சொல்லப்பட்டு வந்தது. உண்மையில் அது நோயின் முதல் தடயம். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்காத ஆண் பிள்ளையை, அண்ணன் எப்படி நடந்திருந்தாலும், ஒருமுறை முழுமையாகப் பரிசோதியுங்கள் என்று நான் விடாமல் சொல்லிவருவதற்குக் காரணம் அந்த இரண்டு சகோதரர்கள்தான்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். மகள் ஒன்றரை வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினாள். “ஆச்சி வா”, “பால் தா” என்றெல்லாம். மகன் இருபது மாதத்திலும் ஆறேழு சொற்களைத்தான் வைத்திருந்தான், அவையும் தெளிவில்லாமல். ஒப்பிடக் கூடாது என்று பிற தாய்மார்களுக்கு நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லையே எனக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன். ஆண் பிள்ளை பிந்தித்தான் பேசும், அவனுக்கும் சேர்த்து அக்காள் பேசிவிடுகிறாள், பிறந்தபோது செய்த கேட்டல் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். என் அம்மைதான் ஒருநாள், “பிள்ளைக்குச் செவி நல்லா கேக்குதா மக்ளே?” என்று கேட்டார். கேட்காமலா, கூப்பிட்டால் பார்க்கிறானே என்றேன். அன்று மாலை வராந்தாவில் இருவரும் விளையாடியதை உட்கார்ந்து பார்த்தேன். மகள் அவனிடம் எதையாவது சொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவன் தோளைத் தொட்டாள். அவன் திரும்பி முகத்தைப் பார்த்த பிறகே பேசினாள். ஏன் மக்களே தம்பியைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறாய் என்று கேட்டதற்கு, “தொட்டாத்தான் அவனுக்குக் கேக்கும்” என்றாள். படித்த நான் மூன்று மாதமாகக் காணாததை, நான்கரை வயதுப் பிள்ளை அறிந்து, அதற்கேற்பத் தன் பேச்சையும் மாற்றி வைத்திருந்தாள்.

அவனது நடுக்காதில் நீர் கோத்திருந்தது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும் நம் மாவட்டத்தில், சிறு பிள்ளைகளுக்குச் சளி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். மூக்கையும் காதையும் இணைக்கும் குழல் இந்த வயதில் குறுகலாகவும் படுக்கை வாட்டிலும் இருப்பதால், சளி விட்ட பிறகும் நீர் செவிப்பறைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காது ஒழுகாது. தண்ணீருக்குள் மூழ்கியிருந்து கேட்பதுபோல ஒலிகள் மங்கலாகக் கேட்கும். கதவு அறைந்தால் திரும்பும் பிள்ளை, மெல்லிய மெய்யெழுத்து ஒலிகளைத் தவறவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும் என்பதால், முதலில் காத்திருந்து மீண்டும் சோதிப்பதே முறை. வடியாமல் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் செவிப்பறையில் சிறு குழாய் வைக்க வேண்டியிருக்கும். என் மகனுக்குப் பத்து வாரத்தில் வடிந்தது. பிறந்தவுடன் செய்த பரிசோதனை அந்த நாளுக்கு மட்டுமே சான்று என்று இப்போது ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன். பேச்சு பிந்துகிற எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே ஒப்பிடவே கூடாது என்று நான் இப்போது சொல்வதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கிடையே வேறுபாடு கண்ணில் பட்டால், அது ஒரு கேள்வியாக என்னிடம் வரட்டும். விடையை மட்டும் மூத்த பிள்ளையிடம் தேடாதீர்கள். மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை, ஐந்து மாதத்தில் தலை நிற்காத பிள்ளை, ஒரு வயதில் கைகாட்டிக் கேட்கவோ மழலை பேசவோ செய்யாத பிள்ளை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்க்காத பிள்ளை ஆகியோரை அடுத்த தடுப்பூசி வரை காத்திராமல் காட்ட வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும் அப்படியே. இடக்கைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள், மறு கை வலுவற்றிருக்கலாம். இந்தப் பரிசோதனைக்குப் பணம் ஒரு தடையாக வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. தேவைப்படும் பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவதால்தான் பேச்சு வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழி பேச்சைத் தடுக்காது. எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். கைபேசி அப்படியல்ல, இரண்டு வயது வரை அது வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. வளைகுடாவில் இருக்கும் தந்தையோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

மூத்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி பிறந்த இரண்டாம் வாரத்தில் என் மகள், எப்போதோ விட்டுவிட்ட பால்குப்பியைக் கேட்டாள். இரவில் பாயை நனைத்தாள். கற்றதை இழப்பது எந்த வயதிலும் ஆபத்தின் அறிகுறி என்று படித்திருந்த நான் ஒரு கணம் திடுக்கிட்டேன். புதுப் பிள்ளை வந்த வீட்டில் மூத்தது இப்படிச் சில வாரங்கள் சிறு பிள்ளையாகிவிடுவது இயல்பு. திட்டாமல் மடியில் சிறிது நேரம் வைத்துக்கொண்டால் தானே சரியாகிவிடும். பேசிய சொற்கள் மறைந்தாலோ, கண் பார்ப்பதும் பெயருக்குத் திரும்புவதும் நின்றாலோ அது வேறு. உடனே வர வேண்டும். அண்மையில் மகளுக்கு முதல் பல் விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தம்பிக்கு எப்போது விழும் என்றுதான் முதலில் கேட்டாள். மூன்று வயதில் விட்டுக்கொடுக்கவும் நான்கு வயதில் முறைக்காகக் காத்திருக்கவும் அவள் கற்றதை நான் எந்த அட்டையிலும் குறித்து வைக்கவில்லை. தம்பியின் முதல் அடிக்குத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

இளைய பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுவருகிறவர்களிடம், விடுமுறை நாளாகப் பார்த்து மூத்த பிள்ளையையும் கூட்டி வாருங்கள் என்று சொல்கிறேன். இருவரையும் தரையில் ஒரு பந்தோடு விட்டுவிட்டு ஐந்து நிமிடம் நான் பேசாமல் இருப்பேன்.