கொட்டகையில் கிடந்த மஸ்டாங்: சாவி போடும் முன் ஒரு நிமிடம்

மிச்சிகனில் பழைய அமெரிக்க வண்டிகளைச் சரி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பனி கரைந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் முதலில் அழைத்தது தெரிந்த தம்பி ஒருவர். "அண்ணே, ஃபோர்டு மஸ்டாங், 65 மாடல், வி-8. இருபது வருஷமா கொட்டகைல நிக்குது. பேட்டரி மாத்தினா ஓடும்னு சொன்னாங்க, வாங்கிட்டேன். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவா?"

"சாவியைத் தொடாதே, வர்றேன்" என்றேன்.

முன் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டில் 289 என்ற சின்னம் இருந்தது. 289 கன அங்குல வி-8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் என்று அர்த்தம். பானட்டைத் தூக்கினால் உள்ளேயும் வி-8தான். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். நான்கு நட்டு. அந்தக் கால மஸ்டாங்கில் வி-8 என்றால் ஐந்து நட்டு, ஆறு சிலிண்டர் என்றால் நான்கு. தம்பிக்கு முகம் மாறிவிட்டது.

அடுத்து வண்டியின் அடையாள எண். கதவில் ரிவெட் அடித்த தகட்டை மட்டும் நம்பாதீர்கள். அதே மாதிரி புதுத் தகடு காசுக்குக் கிடைக்கிறது. இன்ஜின் அறைக்குள், டிரைவர் பக்க உள்தகட்டில் எண்ணைக் குத்தியிருப்பார்கள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் எழுத்து மேலே வரும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இந்த வண்டியில் ஒத்துப்போனது: 5எஃப்07யூ, அதன் பின் வரிசை எண். 5 என்றால் 1965 மாடல். எஃப் என்பது ஃபோர்டின் டியர்பார்ன் ஆலை. 07 என்றால் ஹார்ட்டாப். 'யூ' என்பது 170 கன அங்குல ஆறு சிலிண்டர். அந்த இடத்தில் 'சி' இருந்தால் 200 குதிரைத்திறன் 289; 'கே' இருந்தால் 271 குதிரைத்திறன், அதற்கு விலையே வேறு. அதனால்தான் சின்னத்தை ஒட்டி விற்கிற வேலையும் நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மஸ்டாங் 1964 ஏப்ரல் 17-ல் விற்பனைக்கு வந்தபோதே 1965 மாடல் எண்ணோடுதான் வந்தது. 170 இன்ஜின் அந்த முதல் சில மாதங்களில் மட்டும் போடப்பட்டது. டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கில் 'ஜென்' (ஜெனரேட்டர்) என்று இருந்தது, பிந்தைய வண்டிகளில் 'ஆல்ட்' (ஆல்டர்னேட்டர்) என்றிருக்கும். ஆக இது 'அறுபத்து நாலரை' என்று இங்கே ஆசையாகச் சொல்கிற வண்டி. யாரோ அதில் வி-8-ஐ இறக்கி, அதன் கதையைக் கெடுத்திருக்கிறார்கள்.

கதை போகட்டும், பிரேக்கைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு 9 அங்குல பிரேக் டிரம், வி-8-க்கு 10. கனமான இன்ஜினைத் தூக்கி வைத்தவர் டிரம்மை மாற்றவில்லை. போதாததற்கு, பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் 1966 வரை ஒரே அறைதான். நாலு சக்கரத்தில் எங்கே ஒழுகினாலும் பெடல் மொத்தமாகத் தரைக்குப் போய்விடும். அதனால் எங்கள் பட்டறையில் பிரேக் முடியாமல் வண்டியை ஓட்டிப் பார்க்க விடமாட்டோம். டிரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

ஹீட்டர் பெட்டிக்குள் எலிக்கூடு. தம்பி துடைப்பத்தை எடுத்தார், பிடுங்கி வைத்தேன். இந்த நாட்டு மான் எலியின் எச்சத்தில் ஹாண்டா வைரஸ் இருக்கலாம். உயிரை எடுக்கும் நோய். கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும்.

இன்ஜினுக்கு அவசரமே கூடாது. எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டோம். அப்புறம் கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுழற்றினேன். முதலில் அசையவில்லை. மூன்றாவது நாள் 'டக்' என்று ஒரு சத்தம், சுற்ற ஆரம்பித்தது. ஸ்டார்ட்டரை நம்பி முதல் நாளே சாவி திருப்பியிருந்தால் துரு பிடித்த பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரைக் கீறியிருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி, மேலே வால்வைத் திறக்கும் ராக்கர் வரை எண்ணெய் வருகிறதா என்றும் பார்த்தோம். டேங்கில் இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் நாற்றம் அடிக்கும் கஷாயம். அந்த டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை, எனவே ஒழுகினால் ஆவி நேராக வண்டிக்குள். புது டேங்க், புது ரப்பர் குழாய், வேறு வழியில்லை.

கம்பளத்தைத் தூக்கி, கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துளைகளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பாதி ஓட்டுநர் கால்வைக்கும் இடத்தில் கொட்டியது. இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது, உடம்பேதான் அடிச்சட்டம். தரை துருவென்றால் வெல்டிங்தான். தம்பி வாங்கிய விலையை விட அதற்கு அதிகம் ஆகும் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன வாரம் கூப்பிட்டார். 170 இன்ஜின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "ஷெட்ல கிடக்குதாம் அண்ணே, ஆனா ஓடுமாம்."