கௌராமி மீனின் இரண்டு மூச்சு

கௌராமி இருக்கும் தொட்டியைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். செடிகளுக்கு நடுவே அசையாமல் நின்றுகொண்டிருக்கும் மீன் திடீரென்று மேலே போகும். வாயின் நுனி மட்டும் நீர்ப்பரப்பைத் தொடும், அவ்வளவுதான், மறுபடி கீழே இறங்கிவிடும். இறங்கும்போது செவுள் மூடியின் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு சின்னக் குமிழிகள் வெளியே வரும். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துத் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லையோ என்று பயந்து ஏர் பம்ப்பைக் கூட்டி வைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய காற்றை விட்டுவிட்டுப் புதுக் காற்றை நிரப்பிக்கொண்டு போகிறது, அது இந்த மீனின் இயல்பு.

செவுள்களுக்கு மேலே, தலையின் இரண்டு பக்கமும் கௌராமிக்கு ஒரு சிறிய அறை உண்டு. முதல் செவுள் வளைவின் எலும்பு இந்த அறைக்குள் விரிந்து, கசக்கிய காகிதம்போல மடிப்பு மடிப்பாக நிற்கிறது. மடிப்புகளின் மேல் மிக மெல்லிய தோல், தோலுக்குள் நெருக்கமாக நுண்ணிய ரத்தக்குழாய்கள். வாயால் இழுத்த காற்று இந்த அறையில் தங்கும்போது ஆக்சிஜன் நேராக ரத்தத்தில் கலக்கிறது. லேபிரிந்த் உறுப்பு என்பது இதுதான். சண்டை மீன் என்று நாம் சொல்லும் பீட்டாவுக்கும், பாரடைஸ் மீனுக்கும், பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு.

இப்படி ஓர் உறுப்பு எதற்கு? கௌராமிகளின் பூர்வீகம் தெற்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும். ஆழமில்லாத குட்டைகள், சதுப்பு நிலங்கள், செடி அடர்ந்த மெதுவான ஓடைகள், வயல் வாய்க்கால்கள். 25 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. முப்பது மடங்குக்கும் மேல்! இலை தழை அழுகும் குட்டையில் விடியற்காலை நேரத்தில் அந்த 8 மில்லிகிராமும் இருக்காது. அங்கே செவுளை மட்டும் நம்பும் மீன் திணறிவிடும், கௌராமி தாக்குப்பிடிக்கும்.

இங்கேதான் ஒரு பெரிய தவறான எண்ணம் புகுந்துவிட்டது. காற்றைச் சுவாசிக்கும் மீன்தானே, ஃபில்டர் எதற்கு, சின்னக் கண்ணாடிக் கிண்ணம் போதாதா என்கிறார்கள். போதாது. லேபிரிந்த் உறுப்பு ஆக்சிஜனை உள்ளே எடுப்பதில்தான் கெட்டி. உடலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதியும், அம்மோனியாவும் செவுள் வழியாகத் தண்ணீருக்குள்தான் வெளியேறியாக வேண்டும். சுற்றியுள்ள தண்ணீரில் ஏற்கெனவே அம்மோனியா நிறைந்திருந்தால் அது வெளியேற முடியாமல் உடலிலேயே தங்கும், செவுளும் புண்ணாகும். தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அம்மோனியாவின் நச்சு இன்னும் கூடும். கௌராமிக்கோ வெதுவெதுப்பான தண்ணீர் கட்டாயம்.

அடுத்தது நைட்ரைட். ஃபில்டரில் வாழும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் முதல் வகை பெருகி, இரண்டாவது வகை பெருகாத நாட்கள் உண்டு. அப்போது நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத பழுப்பு நிறப் பொருளாக மாற்றிவிடுகிறது. இந்த நிலையில் மீன் எத்தனை முறை மேலே போய்க் காற்றை இழுத்தாலும் பயனில்லை. காற்று இருக்கிறது, சுமந்துபோக ரத்தத்தில் ஆளில்லை. அதனால் மீன் ஓயாமல் மேலே போய் வந்தாலோ, நீர்ப்பரப்பிலேயே சோர்ந்து கிடந்தாலோ ஏர் பம்ப்பைத் தேடாதீர்கள், முதலில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதுத் தொட்டி இந்த நிலைக்கு வரப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் வாங்காமல் காத்திருப்பதுதான் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். குளோரின் மீனையும் பாதிக்கும், ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும்.

சரி, தொட்டியை எப்படி அமைப்பது? மேல்பரப்பு அமைதியாக இருக்க வேண்டும். பலமான பம்ப் தண்ணீரைப் புரட்டிக்கொண்டே இருந்தால் மீன் களைத்துப்போகும், முட்டைகளுக்காக ஆண் மேல்பரப்பில் கட்டும் குமிழிக் கூடும் நிலைக்காது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கு அருமையான தேர்வு. வெப்பம் 24 முதல் 28 டிகிரி. மூடி அவசியம், ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், காற்று தங்க இடம் வேண்டுமே. மிதக்கும் செடிகள் நன்றாகவே உதவும். அதற்காக மேல்பரப்பு முழுவதையும் மூடவிட வேண்டாம். காற்றை எட்ட முடியாமல் போனால், நல்ல தண்ணீரிலும் வளர்ந்த கௌராமி மூச்சு முட்டிச் சாகக்கூடும்.

எந்த இனம் என்பதில் நிதானம் தேவை. தேன் கௌராமி 5 சென்டிமீட்டர் அளவே வளரும், குணமும் சாது. முத்து கௌராமி 12 சென்டிமீட்டர் வரை வரும், அதற்கு 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். நீல கௌராமி 15 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்கும். ராட்சத கௌராமி அரை மீட்டரைத் தாண்டும் மீன், குட்டியாக விற்றாலும் அதை வீட்டுத் தொட்டிக்கு வாங்காதீர்கள். குள்ள கௌராமி அழகில் முதலிடம்தான். ஆனால் பண்ணையில் பெருக்கிய குள்ள கௌராமிகளிடம் ஓர் இரிடோ வைரஸ் பரவியிருக்கிறது, அதற்கு மருந்தில்லை. நிறம் மங்கியதையும் வயிறு உப்பியதையும் தவிர்த்துவிடுங்கள். நல்லதாகப் பார்த்து வாங்கினாலும் சில வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்து பிறகு சேருங்கள். முதல் கௌராமிக்கு நான் எப்போதும் தேன் கௌராமியைத்தான் சொல்வேன்.

வயிற்றுக்கு அடியில் நூல்போலத் தொங்கும் இரண்டு துடுப்புகளையும் பாருங்கள். அவற்றில் சுவை உணரும் செல்கள் இருக்கின்றன. கலங்கிய தண்ணீரில் எதிரே இருப்பதைத் தடவிப் பார்த்தே கௌராமி தெரிந்துகொள்ளும். துடுப்பைக் கடிக்கும் பழக்கமுள்ள டைகர் பார்ப் போன்ற மீன்களோடு இதைச் சேர்க்கவே கூடாது. இன்னொன்று, லேபிரிந்த் அறை உட்காதை ஒட்டியே இருப்பதால் அதில் உள்ள காற்று ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது, கௌராமிக்குக் காது கூர்மை. கண்ணாடியைத் தட்டி வேடிக்கை பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனப்பெருக்கத்திலும் காற்றுதான் துணை. ஆண் மீன் காற்றை வாயில் எடுத்து, எச்சில் பூசி, ஒவ்வொரு குமிழியாக மேல்பரப்பில் ஒட்டும். குள்ள கௌராமி செடித் துணுக்குகளையும் கொண்டுவந்து குமிழிகளோடு பின்னிவிடும். கூடு தயாரானதும் பெண்ணை அதன் அடிக்கு வரவழைத்துத் தன் உடலை வளைத்து அணைக்கும், முட்டைகள் வெளிவரும். எண்ணெய்ச் சத்து உள்ள முட்டைகள் தானாகவே மிதக்கும். விலகிப் போவதை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் துப்பும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாத குட்டையில் முட்டை பிழைக்க மேல்பரப்பைவிட நல்ல இடம் ஏது? எல்லா இனமும் கூடு கட்டுவதில்லை, சாக்லேட் கௌராமி முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும்.

முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், ஆண் அதைக் கடுமையாகத் துரத்தும். 28 டிகிரியில் ஒன்றரை நாளுக்குள் முட்டை பொரியும். குஞ்சுகள் கூட்டை விட்டுத் தாமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும். வாய் மிகச் சிறியது என்பதால் முதலில் இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிரிகள், அப்புறம் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் சின்ன உப்புநீர் இறால். பிறக்கும்போது லேபிரிந்த் உறுப்பு இருக்காது, சில வாரங்களில்தான் உருவாகும். அந்தச் சமயத்தில் மூடியைத் திறந்து போட்டுக் குளிர்காற்றை உள்ளே விடாதீர்கள். ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும் என்பதால், தனித்தொட்டியில் இணை சேர்க்கும் முன்பே அவற்றை எங்கே வளர்ப்பது, யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இடமில்லை என்றால் கூடு கட்டுவதைப் பொதுத்தொட்டியிலேயே விட்டுவிடலாம், பெரும்பாலான குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.