080-இன் பூஜ்யம் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். பைத்தானின் தரவு வகைகளில் இன்ட் முழு எண், ஃப்ளோட் தசம எண், ஸ்ட்ரிங் எழுத்துகளின் கோவை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கைப்பழக்கம்தான் இல்லை.

போன வாரம் ஒரு பையன், "அண்ணா, 25-ம் 5-ம் கூட்டினா 255-னு வருது" என்றான். இன்புட் வழியாக, அதாவது நாம் தட்டச்சு செய்து, உள்ளே வருவது எதுவானாலும் பைத்தானுக்கு அது ஸ்ட்ரிங்தான். ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டிவிடும். இன்ட்டாக மாற்றியதும் 30 வந்தது. இந்தத் தப்பு கண்ணில் பட்டுவிடும், அதனால் எனக்குப் பெரிய கவலை இல்லை.

கவலை இதற்கு நேர் எதிரான தப்பில்தான். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை இன்ட்டாக மாற்றிச் சேமித்துவிட்டார்கள். பெங்களூருவின் 080 வெறும் 80 ஆனது, சென்னையின் 044 வெறும் 44 ஆனது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அழைப்புகள் போகாதபோதுதான் தெரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தோம்.

அதனால் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "இதைக் கூட்டிப் பார்க்கிற தேவை உண்டா?" என்றுதான். இரண்டு பின்கோடுகளை யாரும் கூட்டப்போவதில்லை. தொலைபேசி எண், ரேஷன் அட்டை எண், பின்கோடு எல்லாமே இலக்கங்களால் எழுதிய பெயர்கள். ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். பணத்தைக் கூட்டத்தான் வேண்டும், ஆனால் ஃப்ளோட்டில் வேண்டாம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். பைசாவாக மாற்றி இன்ட்டில் வையுங்கள்.

அப்புறம், நம் பிள்ளைகள் கட்டாயம் தமிழிலும் பழக வேண்டும். ஆங்கிலப் பெயரை வைத்தே பழகினால் ஸ்ட்ரிங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் போட்டால் 5 வரும். நமக்கு அது மூன்று எழுத்து. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனிக் குறியீடு. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முன்னால் தனியாகத் தொங்கும், 'மி'யில் இருந்த இகரக் குறி 'ழ'வோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதைத் திரையில் ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு அப்புறம் விளக்கமே தேவைப்படுவதில்லை.

சென்ற மாதம் ஒரு மாணவி இரண்டு கோப்புகளில் 'கோமதி' என்ற பெயரைத் தேடினாள். ஒன்றில் கிடைத்தது, மற்றதில் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஸ்ட்ரிப் போட்டு ஓரத்து இடைவெளிகளை நீக்கிப் பார்த்தாள், பலனில்லை. லென் போட்டாள். ஒன்றுக்கு 5, மற்றதற்கு 6. முதலாவதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருந்தது. இரண்டாவதில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கொண்டு, இரண்டையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றச் சொன்னேன். இரண்டுக்கும் 5 வந்தது. அன்று மாலையே தன் வீட்டில் உள்ள எல்லார் பெயரையும் அவள் போட்டுப் பார்த்துவிட்டாள்.