ஸ்பெஷல் இன்ட்ரெஸ்ட்: பித்து முதல் நாட்டம் வரை

பழகும் விதத்திலும் கவனத்திலும் பிறவியிலேயே வேறுபட்ட மூளை வளர்ச்சியான ஆட்டிசம் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஸ்பெஷல் இன்ட்ரெஸ்ட்’. மருத்துவ அறிக்கையிலும் வரும், ஆட்டிசமுள்ள பெரியவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் வரும். ஒரு பொருள்மீதோ துறைமீதோ, சுற்றியிருப்பவர்கள் மலைத்துப்போகும் அளவுக்கு ஆழமும் அழுத்தமும் கொண்ட ஈடுபாடு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சில மாதங்களில் வடிந்துவிடுவதும் உண்டு, வாழ்நாள் முழுக்க நிற்பதும் உண்டு. எதன்மேலும் அது வரலாம்: ரயில் கால அட்டவணை, டைனோசர், நாடுகளின் கொடி, லிஃப்ட், மின்விசிறி, ஒரே ஒரு பாடகி. சென்னையின் 29சி பேருந்து பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வழியில் எங்கெங்கே நிற்கும் என்று வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படாது.

பாடகியையும் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பெண் குழந்தைகளின் ஈடுபாடு பெரும்பாலும் அந்த வயதுக்குரிய பொருளின் மேலேயே இருக்கும். குதிரை, பூனை, கதைப்புத்தகம், சினிமா நட்சத்திரம் என்று. பொருள் வழக்கமானதாக இருப்பதால், அதில் அவர்கள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறார்கள் என்பது கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. ‘பொழுதுபோக்கு’ என்று பெயர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பொருந்தாது. பொழுதுபோக்கை விருந்தாளி வந்தால் எடுத்து வைத்துவிடலாம். இங்கே விருந்தாளிக்கும் சேர்த்து 29சி-யின் நிறுத்தங்கள் சொல்லப்படும்.

ஆங்கிலச் சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஸ்பெஷல்’ லத்தீனிலிருந்து வந்தது. தோற்றம், வகை என்ற பொருளுள்ள பெயர்ச்சொல், அதற்கும் அடியில் ‘பார்’ என்ற வினை. இந்தப் ‘பார்’ பின்னால் நமக்கு உதவும். ‘இன்ட்ரெஸ்ட்’ என்பதும் லத்தீன்தான், ‘இடையில் இருப்பது’ என்று நேர்ப்பொருள். ஒருவருக்கும் ஒரு பொருளுக்கும் இடையில் உள்ள தொடர்பு, பங்கு, உரிமை என்றெல்லாம் அது விரிந்தது. வட்டிக்கும் அதே சொல் ஆனது அப்படித்தான்.

இந்தக் கருத்தின் மருத்துவக் கதையை வியன்னாவிலிருந்து தொடங்கலாம். குழந்தை மருத்துவர் ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944-ல் வெளியிட்ட கட்டுரையில் இப்படிப்பட்ட சிறுவர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒருவனுக்கு நஞ்சுகளின் மேல் ஈடுபாடு. பள்ளிக்கூட வேதியியல் அறையிலிருந்து சயனைடு திருடி வைத்திருந்தான். ஆறு வயதுப் பையன் ஒருவன் 1,000 தீப்பெட்டி சேர்த்தே தீருவது என்று அலைந்தான். இன்னொருவன் நூல் சேர்த்தான். மூன்றாமவன் தெருவில் கிடந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக அடைத்து வைத்துக் கஞ்சன் பணத்தைக் காப்பதுபோல் காத்தான். அதில் ஒன்றை அம்மா தூக்கி எறிந்தால் வீடு ரணகளம்.

இந்தச் சேகரிப்புகளை உயிரற்ற உடைமைகள் என்ற தொனியில்தான் அஸ்பெர்கர் எழுதினார். தீப்பெட்டிப் பையன் மற்றப் பிள்ளைகளைப் போல அவற்றைக் கோத்து ரயில் ஓட்டி விளையாடியதே இல்லை என்பது அவர் எடுத்துக்காட்டும் குறை. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களை நோட்டு நோட்டாக ஒட்டிச் சேர்த்த தலைமுறை நம்மிடமும் இருக்கிறது. அவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: வரிசைப்படுத்துவதும், இல்லாததைத் தேடுவதும், இருப்பதை மறுபடி எடுத்துப் பார்ப்பதும்தான் அந்த விளையாட்டே. வயது ஏற ஏற இந்தச் சேகரிப்புகள் செறிவடைந்து, சிலர் தேர்ந்த சேகரிப்பாளர்களாகவே ஆகிறார்கள் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாஜிகளின் குழந்தைக் கொலைத் திட்டத்தோடு அவர் ஒத்துழைத்ததையும், வியன்னாவில் அந்தக் கொலைகள் நடந்த ஆம் ஸ்பீகல்க்ரூண்ட் நிலையத்துக்குக் குழந்தைகளை அனுப்பியதையும் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018-ல் ஆவணங்களோடு வெளியிட்டார்.

அஸ்பெர்கரின் கட்டுரை ஜெர்மன் மொழியில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-ல் எழுதிய கட்டுரைதான் அதை ஆங்கில உலகுக்கு எடுத்து வந்தது. முழு மொழிபெயர்ப்பை உளவியலாளர் ஊட்டா ஃப்ரித் 1991-ல் கொண்டுவந்தார். விங் தரும் பட்டியலில் வானியல், நீராவி ரயிலின் வரலாறு, அரச குடும்பங்களின் வம்சாவளி இவற்றோடு பேருந்து கால அட்டவணையும் இருக்கிறது. நம்முடைய 29சி பிள்ளைக்கு லண்டனில் மூத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பால்டிமோரில், குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-லேயே 11 குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். அவர் அழுத்தம் கொடுத்தது, எதுவும் மாறக்கூடாது என்ற தவிப்புக்கு. பட்டியலின் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவரைப் பின்னாளில் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். 1945-ல் அங்கே போய்ப் பார்த்ததை கானர் 1971-ல் எழுதிய தொடர் ஆய்வில் சொல்கிறார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

பையனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். விவசாயி அவனைக் கிணறு தோண்டவிட்டு, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல்லச் சொன்னார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தான். அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, இடுகாடாக ஆக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் பலகை நட்டான். முதலில் ஒரு மனிதப் பெயர், நடுவில் பிராணியின் வகை, கடைசியில் விவசாயியின் குடும்பப் பெயர். பிறந்த தேதி தெரியாது, இறந்த தேதி அவன் கண்டெடுத்த நாள். ஒரு நத்தைக்கும் அந்தக் குடும்பத்தில் இடம் கிடைத்தது. மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். சரி, ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்றார்கள். கானர் பார்க்க ஆறு நீண்ட சால் ஓட்டிக் காட்டினான்; குதிரையைத் திருப்பிய லாவகத்தைக் கானர் வியந்து குறித்திருக்கிறார். டொனால்ட் பிற்பாடு கல்லூரி முடித்து, குடும்பத்தாரின் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, நாடு நாடாகச் சுற்றி, 2023-ல் 89 வயதில் காலமானார்.

அந்த விவசாயக் குடும்பம் இந்த ஈடுபாட்டுக்கு எந்தப் பெயரும் வைத்ததாகத் தெரியவில்லை. பெயர் வைத்தவர்கள் மருத்துவர்கள். ‘அப்செஷன்’ என்றார்கள், லத்தீனில் அதன் மூலம் ‘முற்றுகை’. ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவரை வேண்டாத எண்ணம் முற்றுகை இடுகிறது, அவர் தப்பிக்கத் தவிக்கிறார். பேருந்துப் பிள்ளை தப்பிக்க நினைப்பதில்லை, கோட்டைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த வேறுபாடு ஆய்வாளர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹென் 1999-ல் சாலி வீல்ரைட்டோடு சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள்தான் போட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடான டிஎஸ்எம்-5, ‘மிகக் குறுகிய, நிலைகுத்திய, தீவிரத்திலோ குவிப்பிலோ இயல்புக்கு மாறான ஆர்வங்கள்’ என்ற பொருளில் எழுதுகிறது. திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை என்ற பிரிவிலுள்ள நான்கு அடையாளங்களில் இது ஒன்று. அந்தப் பிரிவுக்கு நான்கில் இரண்டு இருந்தால் போதும். ஆகவே ஸ்பெஷல் இன்ட்ரெஸ்ட் இல்லாத ஆட்டிசமும் உண்டு. ‘என் பிள்ளைக்கு எதிலும் அப்படி ஆர்வம் இல்லையே, அப்போ ஆட்டிசம் இல்லைதானே’ என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டிசமுள்ளவர்கள் இந்தச் சொல்லைத் தமதாக்கிக்கொண்டது அதன்பின் நடந்த கதை. செல்லமாகச் சுருக்கி ‘ஸ்பின்’ என்பார்கள். அதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசித் தீர்ப்பதற்கு ‘இன்ஃபோடம்ப்’ என்று பெயர். ஏடிஹெச்டி என்னும் கவனச்சிதறல், மிகைத்துடிப்பு உள்ளவர்கள் சொல்லும் ‘ஹைப்பர்ஃபிக்சேஷன்’ இதன் ஒன்றுவிட்ட தம்பி. சட்டென்று பற்றி எரிந்து சட்டென்று அணைவதற்கே அந்தப் பெயரைப் பெரும்பாலும் வைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் உள்ளதை விளக்கியவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் டைனா மரே. 2005-ல் மைக் லெஸர், லாசன் இருவரோடும் அவர் எழுதிய கட்டுரை, ஆட்டிசத்தின் மையம் கவனம் செயல்படும் விதத்தில்தான் இருக்கிறது என்றது. கவனம் பல திசையில் பிரிந்து மெல்லப் படர்வது ஒரு வகை மனம். ஒரே தடத்தில் மொத்தமாகப் பாய்வது இன்னொரு வகை. பின்னதற்கு ‘மோனோட்ரோபிசம்’ என்று பெயர், கிரேக்கத்தில் ‘ஒருபக்கம் திரும்புதல்’. சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாததும், பாதியில் இழுத்தால் வெடிப்பதும் இதனால் விளங்குகின்றன. பேருந்து நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டால்தான் தருவேன் என்று பேரம் பேசுவது எவ்வளவு பெரிய பணயம் என்பதும்.

இனி தமிழுக்கு வருவோம்.

வீடுகளில் நாம் கைவசம் வைத்திருப்பது பித்து, பைத்தியம், கிறுக்கு, வெறி. கிரிக்கெட் பைத்தியம், சினிமாக் கிறுக்கு என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது அதில் செல்லம் இருக்கிறது. பிறைசூடியையே ‘பித்தா’ என்று அழைத்துப் பாடிய மொழி இது. ஆனால் ஏற்கெனவே ‘மூளைக்கு ஏதோ’ என்று உறவினர் கிசுகிசுக்கும் பிள்ளையிடம் ‘பஸ் பைத்தியம்’ என்றால் அந்தச் செல்லம் எடுபடாது. அடுத்தது ‘பிடிவாதம்’. இதில் ஒரு வேடிக்கை. ‘எனக்குப் பேருந்து பிடிக்கும்’ என்பதிலும் பிடிவாதத்திலும் இருப்பது ஒரே ‘பிடி’. பிள்ளை பிடித்துக்கொண்டால் அது பிடிவாதம், பெரியவர்கள் பிடித்துக்கொண்டால் அது பிடிப்பு.

எழுத்தில் அதிகம் காணப்படுவது ‘சிறப்பு ஆர்வம்’, இலங்கையில் ‘விசேட ஆர்வம்’. ‘சிறப்பு’ என்றால் தமிழ்க் காதுக்கு மேன்மை. சிறப்புப் பள்ளி, சிறப்புக் குழந்தை என்ற வழக்கில் அதே சொல் இன்னொரு சுமையும் ஏறி நிற்கிறது. ‘தனி ஆர்வம்’ என்று சேர்த்தெழுதினால் ‘தனியார்வம்’ ஆகி, ஏதோ தனியார் நிறுவனம் போல் ஒலிக்கிறது. ‘ஆர்வம்’ நல்ல சொல்தான், ஆனால் நீர்த்துப்போய்விட்டது. விண்ணப்பப் படிவத்தில்கூட ஆர்வமுள்ளவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வள்ளுவரிடம் அது கெட்டியாக இருந்தது. ‘அன்புஈனும் ஆர்வம் உடைமை அதுஈனும் நண்புஎன்னும் நாடாச் சிறப்பு’ (74). நாம் தேடும் சொற்கள் மூன்றும், ஆர்வமும் சிறப்பும் நாடுதலும், ஒரே குறளில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஆர்வம் மனிதர்மேல் செல்வது, நட்பில் முடிவது. நம் பிள்ளையின் ஆர்வம் பேருந்தின் மேல் செல்கிறது, ஆனால் பேருந்து பற்றிப் பேச இன்னொரு பிள்ளை கிடைத்துவிட்டால் அதுவும் நட்பில்தான் போய் நிற்கிறது.

நான் பரிந்துரைப்பது அந்த மூன்றாவதை: நாட்டம். ‘நாடு’ என்ற வினைக்குத் தேடு, விரும்பு, ஆராய் என்று மூன்று பொருளும் உண்டு. நம் பிள்ளை செய்வதும் இந்த மூன்றையும்தான். பழைய தமிழில் நாட்டம் என்றால் கண்ணும்கூட. தொல்காப்பியக் களவியலில் காதலர் கண்கள் ‘நாட்டம் இரண்டும்’. திருமுருகாற்றுப்படையில் ஆயிரங்கண் இந்திரன் ‘நூற்றுப்பத்து அடுக்கிய நாட்டத்து’ வருகிறான். ‘ஸ்பெஷல்’ என்பதன் அடியிலும் ‘பார்’ கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மரே சொன்ன கவனத் தடத்துக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெறும் நாட்டத்திலிருந்து பிரித்துக்காட்ட, ஆழ்மனம், ஆழ்கடல் போல ‘ஆழ்நாட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். நோயென்றும் சொல்லவில்லை, மேதைமை என்றும் சொல்லவில்லை. ஓசிடியின் அப்செஷனுக்கு வேறு சொல் வேண்டும், இதைத் தரக்கூடாது.

‘ஆட்டிசம்’ என்பதற்கே நம் சொற்கள் சரியில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘தான்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. அரசு வழக்கில் ‘புறஉலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்ற தொடர் புழங்குகிறது. ஒரு நகரத்தின் பேருந்து நிறுத்தங்களையெல்லாம் மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்குப் புறஉலகச் சிந்தனை இல்லையாம். ஆட்டிசம் என்றோ, ஈழத்தில் எழுதுவதுபோல ஓட்டிசம் என்றோ விட்டுவிடுவதே மேல்.

எழுத்தில் இப்படி ஆளலாம்: ‘அவளுடைய ஆழ்நாட்டம் மின்விசிறிகள்’, ‘பாடத்தை அவனுடைய ஆழ்நாட்டத்தோடு இணைத்துக் கற்பித்தோம்’, ‘இரண்டு ஆண்டுகளில் ஆழ்நாட்டம் கொடிகளிலிருந்து நாணயங்களுக்கு மாறியது’. சேகரிப்பு இதன் ஒரு வடிவம் மட்டுமே, ஆகவே இரண்டையும் ஒன்றாக எழுத வேண்டாம். இன்ஃபோடம்புக்குப் புதுச்சொல் தேடுவதும் வீண்வேலை. ‘கொட்டித் தீர்த்துட்டான்’ என்று நாம் எப்போதும் சொல்வதே போதும். பேச்சில் ஆழ்நாட்டம் ஒட்டாது என்றால் வற்புறுத்த மாட்டேன். ‘பஸ்ஸுன்னா அவனுக்கு உசுரு’ என்று எந்தப் பாட்டியும் சொல்வாள், அதற்கு அகராதி தேவையில்லை.