18 வயது முடிந்தால் பெற்ற தாயும் கார்டியன் இல்லை

பக்கத்துத் தெரு அக்காவோடு ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். அவர் மகனுக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. அப்பா அவன் பெயரில் போட்டுவிட்டுப் போன டெபாசிட் முதிர்ந்திருந்தது. பெயர் எழுதத் தெரிந்த பிள்ளை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது எழுத்திலேயே தாளை உருவிக்கொண்ட ஊழியர், "கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். "நான்தானே சார் பெத்தவ?"

பெற்றவர்தான். ஆனால் சட்டப்படி பெற்றோர் பாதுகாவலராக இருப்பது பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை மட்டும். அதற்கு மேல் நியமன ஆணை வேண்டும். அதற்குக் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை, வக்கீலும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உள்ளூர்க் குழு இருக்கிறது. அதுவே ஆணை கொடுக்கும். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம்.

கொடுப்பதற்கு முன் பிள்ளையின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். மனநோய் இதில் வராது. யாரோ அவசரத்தில் 'மனவளர்ச்சி' என்பதற்குப் பதில் 'மனநலம்' என்று எழுதிவைத்திருந்தால் மனு அங்கேயே படுத்துவிடும். முதலில் அதைத் திருத்தி வாங்குங்கள்.

அடுத்தது, சில வீடுகளில் குடும்பத்தை விட்டுவிட்டுப் போன அப்பா. "அவர் கையெழுத்தும் வேணும்" என்பார்கள். பத்து வருஷமாக எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஆளை எங்கே போய்த் தேடுவது? மரணம், விவாகரத்து, கைவிட்டுப் போனது போன்ற நிலையில் ஒருவர் மட்டும் விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது. நடந்ததை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் காத்திருப்பு. குழுவில் ஆட்சியர், தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர். ஆட்சியருக்கு நேரம் கிடைத்தால்தான் கூட்டம். "கமிட்டி கூடுனா சொல்லி அனுப்புறோம்" என்பதை நம்பி வீட்டில் உட்கார்ந்தால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இழுத்தடித்தால் அந்த நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே நேராகக் கொடுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் 'எல்லாவற்றுக்கும்' என்று எழுதிவிடாதீர்கள். பாதுகாவலர் தேவையா, எதெதற்குத் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்பதே சட்டம். கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருகிற பிள்ளையின் கையிலிருந்து அதையும் ஏன் பிடுங்க வேண்டும்? வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், சொத்து என்று தேவையானதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பாதுகாவலர் ஆனால் பிள்ளையின் பங்கு தன் பெயருக்கு வந்துவிடும் என்று நினைக்கிற சித்தப்பாக்களும் இருக்கிறார்கள். வராது. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். இதை ஆணை கொடுக்கும்போது யாரும் சொல்வதில்லை. உங்களுக்குப் பிறகு யார் என்று யோசிக்கும்போது, பிள்ளை யார் வீட்டில் தயங்காமல் சாப்பிட உட்காருகிறான் என்று பாருங்கள்.

ஆணை கைக்கு வந்த பிறகும் வங்கியில் "கோர்ட் ஆர்டர்தான் செல்லும்" என்பார்கள். உள்ளூர்க் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். அக்கா அப்படித்தான் போனார். மேலாளர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சரி, ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க என்றார்.